குரோருட் கற்கோயிலில் ஒரு நவம்பர் மாலை

ஒஸ்லோ நகர மையத்தில் வெஸ்ட்லி போகும் ரீ-பானேயில் ஏறினால் இருபது நிமிடமளவில் குரோருட் வந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் எம்மவர் தொகை கொஞ்சமல்ல. ஆனாலும் குரோருட் என்றதும் எங்கள் மனதில் வருவது அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதியும் பிள்ளைகளின் உதைபந்தாட்டப் பயிற்சியும்தான். "அங்கை பார்க்க என்ன கிடக்கு?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பல வருடம் இங்கே காலந்தள்ளிவிட்ட நாங்களும் அப்படியே எண்ணியிருந்தோம். சென்ற நவம்பர் முதல் ஞாயிறன்று மூன்று குடும்பங்களாக நாங்கள் குரோருட் தேவாலயத்துக்குப் போய் வந்தோம். அன்று கண்டதையும் கேட்டதையும், முக்கியமாக ஒரு கேள்வியையும், வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஊரைப்பற்றிக் கொஞ்சம். குரோருட் முன்பு ஒஸ்லோவின் பகுதியாக இருக்கவில்லை. 1948வரை அது ஆக்கர் என்ற தனிக் கொம்யூனைச் சேர்ந்தது. நோர்வேயின் முதலாவது ரயில்பாதை 1854இல் ஐட்ஸ்வோல் வரை போடப்பட்டபோது இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. பின்னர் மலைச்சரிவுகளில் கல்லுடைக்கும் தொழில் பெருகியது. இங்கத்தைய கல்லுக்குப் பெயர் உண்டு. புரோகர் என்ற நோர்வேஜியப் புவியியலாளர் இங்கு கண்ட ஒரு பாறை வகைக்கு இவ்வூரின் பெயரையே வைத்தார். 1902இல் கட்டி முடித்த தேவாலயமும் ஊர்க் கல்லாலேயே எழுந்தது. துரொண்ட்ஹைம் பெருவீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் அதன் கூர்க்கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லில் இளஞ்செம்மை ஓடியிருப்பது தெரியும். ஊரிலே முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோயில்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இந்தக் கல் முதலில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும்.

இந்த ஊரில் வளர்ந்த ஒருவரை அகதிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் முதலாவது செயலாளர் நாயகம் திரிக்வே லீ. 1896இல் பிறந்தவர். தச்சுத்தொழில் செய்த தகப்பன் 1902இல், அதாவது இந்தக் கோயில் கட்டி முடிந்த அதே வருடம், அமெரிக்காவுக்கு வேலை தேடிப் போனார். பிறகு ஒரு தகவலும் இல்லை. தாய் குரோருட்டில் தங்குவிடுதியும் தேநீர்க்கடையும் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளை ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இருந்த காலத்தில்தான், 1951 ஜூலையில், அகதிகள் தொடர்பான ஜெனீவா உடன்படிக்கை உருவானது. எங்கள் கையிலுள்ள பயணப் பத்திரங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

குரோருட்டுக்கு முந்திய தரிப்பு அம்மெருட். அங்கே சிவசுப்பிரமணியர் ஆலயம் 1998 முதல் இருக்கிறது. கோடையில் தேர்த்திருவிழாவுக்கு நோர்வேயின் பல பாகங்களிலிருந்தும் சனம் வந்து சேரும். அன்று எங்களோடு வந்த மூன்று குடும்பங்களில் ஒன்று சைவக் குடும்பம், அந்த ஆலயத்தின் உபயகாரர். மற்ற இரண்டும் கத்தோலிக்கர், வழக்கமாக பிரெட்வெட்டிலுள்ள அர்ச். யோவான் கோயிலுக்குப் போகிறவர்கள். குரோருட் தேவாலயமோ லூத்தரன் சபையினுடையது. இப்படி மூன்று வழிபாட்டுக்காரரும் ஒரு வழியில் நடந்ததைப் புதுமையாக எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது கூட இருந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பது யாவரும் அறிந்ததே.

போனதற்குக் காரணம் எங்களில் ஒரு வீட்டுப் பிள்ளை. பதினேழு வயது, இங்கே பிறந்தவள். நவம்பர் முதல் ஞாயிறு நோர்வேஜிய சபையில் சகல பரிசுத்தவான்கள் தினம். அந்த வருடத்தில் அப்பங்கில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கேற்றுவார்கள். வழிபாடு முடிந்ததும் சனம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி வைக்கும். வகுப்புத் தோழியின் பாட்டனார் பெயர் வாசிக்கப்பட இருந்ததால் இவள் போக விரும்பினாள். தனியே அனுப்ப மனமில்லாமல் ஒருவர் வெளிக்கிட, பிறகு எல்லாரும் வெளிக்கிட்டோம்.

எங்களோடு வந்தவர்களில் நாலு பேரைப்பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்கள் தேவையில்லை.

ஒருவர் 1986இல் வந்த அண்ணர். பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் ஐந்து வருடம் நின்று, பிறகு ஒஸ்லோ வந்தவர். அடுத்தது, இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு இளம் தம்பதி. நாலாவது எங்கள் எல்லாருக்கும் மாமியான மாமி. நவாலிக்காரி. 1999இல் மகனோடு வந்து சேர்ந்தவ. இப்போது எழுபத்தெட்டு வயது. பிரெட்வெட்டுக்குப் பூசைக்கு வருவா, ஆனால் உள்ளே வரமாட்டா. மழையோ பனியோ, வாசலுக்கு வெளியே நிற்பா. காரணம் எங்களுக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை.

ரீ-பானேயில் அண்ணர் தன் வழக்கமான பல்லவியைத் தொடங்கினார். "எங்களுக்கு ஆர் வீடு தந்தது? ஆர் காசு தந்து பாசை படிப்பிச்சது? கை விறைக்க விறைக்க மீன் வெட்டிப்போட்டு, இரவிலை அகராதியை வைச்சுப் படிச்ச நாங்கள். இப்ப வாறவைக்கு வந்து இறங்கின உடனை எல்லாம் தட்டிலை." அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அகதிகளுக்குச் சம்பளத்தோடு மொழியும் சமூக அறிவும் கற்பிக்கும் அறிமுகத் திட்டத்தை எல்லாக் கொம்யூன்களும் நடத்த வேண்டியது 2004 முதல்தான் கட்டாயமானது. அதற்கு முன் வந்தவர்கள் பட்ட பாடு வேறு. ஆனால் எதிர் இருக்கையில் அந்த இளம் தம்பதி தலையைக் குனிந்துகொண்டு இருந்ததை நாங்கள் கண்டோம். கண்டும் பேசாமல் இருந்தோம். அது எங்கள் பிழை.

நிலையத்தில் இறங்கி நடக்கும்போது அந்தத் தம்பி மெல்லச் சொன்னான். அவனுக்குக் கிடைத்தது அகதி அந்தஸ்து அல்லவாம். மனிதாபிமான அடிப்படையில் தங்கும் அனுமதி. "அகதி எண்டு ஏத்திருந்தால் அது என்ரை உரிமை அண்ணை. இது இரங்கித் தந்தது. இரக்கத்திலை இருக்கிறது பிச்சையிலை இருக்கிற மாதிரி."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. 2010இலிருந்து நடைமுறையிலுள்ள வெளிநாட்டவர் சட்டத்தில் 28ஆம் பிரிவு அகதியை ஏற்பது. 38ஆம் பிரிவு, அகதியென்ற வரையறைக்குள் வராவிட்டாலும், பலமான மனிதாபிமானக் காரணம் இருந்தால் அனுமதி கொடுக்கலாம் என்பது. முதலாவது கடமை, இரண்டாவது "கொடுக்கலாம்" என்ற சொல்லில் தொங்குவது. 1991இல் நடைமுறைக்கு வந்த முந்திய சட்டத்திலும் இதுபோன்ற வேறுபாடு இருந்தது. 1980களின் பிற்பகுதியில் வந்த எம்மவரில் பெருந்தொகையானோர் அந்த இரண்டாவது வாசலால்தான் உள்ளே வந்தார்கள்.

அண்ணர் அதைக் கேட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்சத் தூரம் போனபின், "எனக்கும் அதுதான் தந்தவங்கள், எண்பத்தேழிலை," என்றார். இதை அவர் முன்பு ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லை.

எங்களில் ஒருவர் ஊரில் மறைக்கல்வி படிப்பித்த ரீச்சர். யேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையை அவ அந்தப் பனிவழுக்கும் பாதையிலேயே சொல்லத் தொடங்கினா. தோட்டக்காரன் விடிய ஆறு மணிக்குச் சந்தைக்குப் போய்க் கூலியாட்களைப் பிடிக்கிறான். நாட்கூலி ஒரு தெனாரியம் என்று பேச்சு. பிறகு ஒன்பது மணிக்குப் போகிறான், பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு. மாலை ஐந்து மணிக்கும் போகிறான். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இருட்டிவிடும். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறான். கூலி கொடுக்கும்போது கடைசியாக வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், விடிய வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். விடிய வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இந்தக் கதையை நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். சமமில்லாத வேலைக்குச் சமமான கூலி என்ற இடத்தில்தான் அப்போதெல்லாம் மனம் நின்றது. தஞ்ச முகாமில் மாதக்கணக்காகக் காத்திருந்தவனுக்கு வேறொரு இடம் கண்ணில் படும். ஐந்து மணிக்காரர் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் விடியவே சந்தைக்கு வந்து நாள் முழுக்க நின்றிருக்கவும் கூடும். நிற்பதும் களைப்புத்தான். வெயிலில் வேலை செய்தவனுக்கு, தன் வீட்டில் இன்று உலை கொதிக்கும் என்ற நிச்சயமாவது இருந்தது. ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் ஒருநாள் சாப்பாடு. ஒரு மணித்தியால வேலைக்கு அதிலே பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்குச் சரி, பிள்ளைகளின் வயிறு காய்ந்திருக்கும். தோட்டக்காரன் வேலையை அளந்து பார்க்காமல் வயிற்றை அளந்து பார்த்தான். கிறிஸ்தவர்கள் கடவுளின் இரக்கம் என்று சொல்வது இதைத்தான் என்று ரீச்சர் சொன்னா. தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் அவன் நடை கொஞ்சம் சீரானது போல எங்களுக்குப் பட்டது. எங்கள் ஆசையாகவும் இருக்கலாம்.

கோயில் வாசலில் மாமி நின்றுவிட்டா. வழமைப்படி வெளியே நிற்பா என்று எண்ணி, மாமிக்குத் துணையாக நிற்க ஒருவர் ஆயத்தமானார். ஆனால் அன்று குளிர் கடுமை. வாசலில் நின்ற ஒரு வயோதிப நோர்வேஜியப் பெண் மாமியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லி, உள்ளே கடைசி வாங்கில் இருத்திவிட்டு, தானும் பக்கத்தில் இருந்தார். மாமிக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் மறுத்திருப்பா.

உள்ளே அலங்காரம் குறைவு. எங்கள் கோயில்களில் உள்ளதுபோல் சுரூபங்கள் இல்லை. நடத்தியவர் ஒரு பெண் குருவானவர். நோர்வேஜிய சபையில் 1961 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2012வரை இது அரச சபையாக இருந்தது. ஊரில் இருந்து புதிதாக வருபவர்களுக்கு இரண்டும் ஆச்சரியமாக இருக்கும்.

தொடக்கத்தில் மன்னிப்பு மன்றாட்டைப் பாடினார்கள். எல்லாம் நோர்வேஜிய மொழி. நடுவில் திடீரென்று இரண்டு கிரேக்கச் சொற்கள் வந்தன. கீரியே எலெய்சோன். ஆண்டவரிடம் இரக்கம் கேட்கும் இந்தப் பழைய மன்றாட்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் எங்கள் ஊர்க் கோயில்களிலும் லத்தீன் பூசையில் இதே கிரேக்கத்தில்தான் பாடப்பட்டது. அந்தச் சங்கம் 1965இல் முடிந்தது. அதன்பின் பூசை தமிழுக்கு மாறியது. எங்கள் வயதுக்காரருக்கு அந்த லத்தீன் ஞாபகமில்லை. மாமிக்கு இருந்தது. கடைசி வாங்கில், அறியாத மொழிக்கு நடுவே, அந்த இரண்டு சொல்லை மட்டும் மாமி உரத்துப் பாடினா. சிறுமியாகப் பாடகர் குழுவில் நின்ற காலத்து இராகம், இங்கத்தைய இராகத்தோடு ஒத்துப்போகவில்லை. முன் வரிசையில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். மாமி கவலைப்படவில்லை.

பிறகு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கு. நோர்வேஜியப் பெயர்களின் நடுவே வேற்றுநாட்டுப் பெயர்களும் வந்தன. மாமி ஒவ்வொரு பெயருக்கும் சிலுவை போட்டா.

இரக்கத்துக்கு நோர்வேஜிய மொழியில் பல சொற்கள் உண்டு. நோதே என்பது, தகுதி பாராமல் வரும் தயவு. லூத்தரின் முழுப் போராட்டமும் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடந்தது. ஒரு குற்றவாளியின் தண்டனையை அரசர் மன்னிப்பதற்கு பெநோத்னிங் என்று சட்டத்தில் பெயர், அதற்குள்ளும் நோதே இருக்கிறது. பார்ம்யார்த்திஹேத் என்பது இன்னொன்று. ஏழைக்காகத் துடிக்கும் நெஞ்சு என்ற பொருளில் லத்தீனிலிருந்து ஜெர்மன் வழியாக வந்தது. தமிழில் புரொட்டஸ்தாந்தர் கிருபை என்பார்கள், நாங்கள் இரக்கம் என்போம். தமிழில் அச்சேறிய முதலாவது புதிய ஏற்பாட்டைத் தந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தது, டென்மார்க்கையும் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட அரசரின் செலவில். ஆக இந்தச் சொற்கள் நோர்வேக்கும் எங்களுக்கும் இடையே முந்நூறு வருடமாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன.

எங்களுக்குப் பிடித்தது எபிரேயச் சொல். பழைய ஏற்பாட்டில் இரக்கத்துக்குரிய ஒரு சொல் ரஹமீம். அதன் வேர் ரெஹெம், கருப்பை. சாலொமோன் அரசன் பிள்ளையை இரண்டாக வெட்டச் சொன்னபோது பெற்றவளுக்குள்ளே எது பதறியதோ, அந்த இடத்தில் வருவது இந்தச் சொல். புதிய ஏற்பாட்டில் நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டபோதும், ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் தூரத்தில் மகனைக் கண்டபோதும் வரும் கிரேக்க வினைச்சொல்லின் வேர், குடல். பெற்ற வயிறு பற்றி எரியுது என்று எங்கள் தாய்மார் சொல்வதை அப்படியே வேதத்தில் கண்டது போலிருக்கும்.

வழிபாடு முடிந்து வெளியே வந்தால் ஐந்தரை மணி, நல்ல இருட்டு. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுடர். இந்நாட்களில் பலசரக்குக் கடைகளில் கிராவ்லீஸ் என்று மூடிபோட்ட மெழுகுதிரி விற்பார்கள், இரண்டு நாளுக்கு மேல் நின்று எரியும். நவம்பர் 2ஆம் திகதி சகல ஆத்துமாக்கள் தினத்தில் ஊரில் சேமக்காலையில் திரி கொளுத்தி நின்ற ஞாபகம் எங்களுக்கெல்லாம் வந்தது. பின்னேர வெயில், மணல், செவ்வந்திப் பூ. இங்கே பனி.

மாமி கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கிராவ்லீஸை எடுத்தா. வீட்டிலேயே வாங்கி வைத்திருக்கிறா, எங்களுக்குச் சொல்லவில்லை. வைக்க ஒரு கல்லறை இல்லை. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பேர்ச் மரத்தடியில் குந்தியிருந்து பனியைக் கையால் விலக்கினா. காற்றுக்குத் தீப்பெட்டி மூன்று முறை அணைந்தது. வாசலில் கைபிடித்த அதே அம்மா வந்து தன் லைற்றரைக் கொடுத்தார்.

1995 ஜூலை 9. வலிகாமத்தில் "முன்னேறிப் பாய்தல்" என்று பெயரிட்ட இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. ஓடிவந்த சனம் நவாலி அர்ச். பேதுரு கோயிலிலும் பக்கத்தில் சின்னக் கதிர்காம முருகன் கோயிலடியிலும் தங்கியிருந்தது. விமானம் வந்து குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் மாமியின் தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும். மாமி தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தா. அன்றிலிருந்து கோயில் வாசலைத் தாண்டியதில்லை.

தேவாலயங்கள் தஞ்சமாகவும் இருந்திருக்கின்றன. 1993இல் இந்த நாட்டில் கொசோவோ அல்பானியர் நூற்றுக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்படுவதற்கு அஞ்சிப் பல ஊர்த் தேவாலயங்களுக்குள் புகுந்திருந்தார்கள். சட்டத்தில் தேவாலயத்துக்கு விசேட பாதுகாப்பு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. என்றாலும் பொலிஸ் உள்ளே போகவில்லை. வழிபடும் இடத்தில் பலாத்காரம் வேண்டாம் என்ற ஒரு தயக்கம் அதிகாரத்துக்கும் இருந்தது. அந்தத் தயக்கம் நவாலியின் மேலே பறந்தவனுக்கு இருக்கவில்லை.

கோயில் மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். குருவானவர் மேசை மேசையாக வந்து கதைத்தார். எங்கள் மேசைக்கு வந்ததும் மாமி அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் கையைத் தட்டினா. "பிள்ளை, அந்தச் சுவாமிப் பொம்பிளையிட்டைக் கேள். கடவுள் எல்லாருக்கும் இரங்கிறவர் எண்டுதானே சொல்லுறவை. குண்டு போட்டவனுக்கும் இரங்குவாரோ எண்டு கேள்."

பிள்ளை தடுமாறினாள். நோதே என்பதா, மற்றச் சொல்லா என்று எங்களைப் பார்த்தாள். கடைசியில் நவாலியில் நடந்ததையும் சொல்லி, கேள்வியையும் கேட்டாள். குருவானவர் கதிரையை இழுத்து இருந்தார். உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகவே அவர்மீது எங்களுக்கு மதிப்பு வந்தது. மரண வீடுகளில் "எல்லாம் தேவ சித்தம்" என்று ஓடிவந்து சொல்கிறவர்களை நாங்கள் நிறையக் கண்டிருக்கிறோம்.

பிறகு சொன்னார். ஏன் நடந்தது என்பதற்குத் தன்னிடம் பதில் இல்லை, சிலுவையில் யேசு கேட்ட கேள்விக்கும் வானத்திலிருந்து பதில் வந்ததாக வேதத்தில் இல்லை. மன்னிக்கும்படி மாமியைக் கேட்கத் தனக்கு உரிமை கிடையாது. செய்தது வெளிச்சத்துக்கு வராமல், நீதியில்லாமல், போகட்டும் என்று விடுவதற்குத் தங்கள் சபை இரக்கம் என்று பெயர் வைக்கவில்லை. அந்த மனிதனும் தான் செய்ததை முழுவதும் கண்ணால் கண்டு, அந்தப் பிள்ளைகளின் முன்னால் நிற்க வேண்டிவரும். அப்படி நின்று அவன் கேட்டால் கடவுள் கொடுப்பாரா என்றால், கொடுப்பார் என்றுதான் தாங்கள் நம்புவதாகச் சொன்னார். சொல்வது இலகுவாக இல்லை என்றும் சொன்னார். பிறகு, யோனாவின் கதை தெரியுமா என்று கேட்டார்.

"மீன் விழுங்கின ஆள்," என்றா மாமி.

மீனுக்குப் பிந்திய பாதியை நாங்களும் மறந்திருந்தோம். நினிவே அசீரியரின் தலைநகர். அந்த அசீரியர்தான் கி.மு. 722 அளவில் வட இஸ்ரயேலை அழித்துச் சனத்தை நாடு கடத்தியவர்கள். யோனாவுக்கு நினிவே என்றால், எங்களுக்கு எது என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஊரிடம் போய் எச்சரிக்கச் சொன்னபோது அவன் மறுபக்கம் கப்பலேறி ஓடினான். பயத்தால் ஓடவில்லை. கடவுள் இளகின மனசுக்காரர், அவர்கள் அழுதால் மன்னித்துவிடுவார் என்று தெரிந்துதான் ஓடினான். கடைசியில் அப்படியே நடந்தது. அவன் ஆத்திரப்பட்டு, இதைவிடச் சாவது மேல் என்று ஊருக்கு வெளியே போய் இருந்துவிட்டான். கடவுள் நிழலுக்கு ஒரு செடியை முளைக்கப்பண்ணினார். மறுநாள் புழு அரித்து அது பட்டுப்போனது. செடிக்காகக் கவலைப்படுகிறாயே, வலக்கை இடக்கை தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சனம் இருக்கும் ஊருக்காக, அங்கத்தைய ஆடுமாடுகளுக்காக, நான் கவலைப்படக் கூடாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நூல் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

பிள்ளை இதைத் தமிழில் சொல்லி முடிக்க நேரமெடுத்தது. மாமி கோப்பியைக் குடித்தபடி கேட்டா. எங்களுக்குள் ஒரு பயம், கோபித்து எழும்பிப் போய்விடுவாவோ என்று.

"அப்ப யோனாவுக்குக் கோவம் வந்தது," என்றா.

"ஓம் மாமி."

"கடவுளோடையே கோவம்."

"ஓம்."

"அவர் அவனை அடிக்கேல்லைத்தானே? விட்டிட்டும் போகேல்லை. நிழலுக்குச் செடி வைச்சுக் குடுத்திருக்கிறார்."

அந்தக் கதையில் இரக்கம் என்றால் நினிவேக்குக் கிடைத்ததுதான் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வெளியே குந்தியிருந்தவனுக்கும் கிடைத்ததை மாமிதான் கண்டா. முப்பது வருடமாகக் கோயிலுக்கு வெளியே நின்றவ அல்லவா. பிள்ளை அதையும் குருவானவருக்கு மொழிபெயர்த்தாள். அவர் மாமியின் கைக்கு மேல் தன் கையை வைத்தார். மேற்கொண்டு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

மாமி மன்னித்துவிட்டா என்று எழுத எங்களால் முடியாது. திரும்பி வரும்போது, "அவனுக்கு இரங்கிறதெண்டால் அது அவற்றை பாடு, என்னை இழுக்கக்கூடாது," என்றுதான் சொன்னா.

ரயிலில் அண்ணர் இம்முறை இளம் தம்பதிக்குப் பக்கத்தில் இருந்தார். அனுமதி புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் எந்தக் கடிதங்களை இணைக்க வேண்டும், வேலைத்தலத்தில் எதைக் கேட்டு எடுக்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். மீன் தொழிற்சாலைக் கதையும் இடையிடையே வராமலில்லை. அம்மெருட் தரிப்பில் உபயகாரக் குடும்பம் இறங்கியது. மறுநாள் கந்தசட்டி அலுவலைப் பற்றிக் கதைக்க ஆலயத்துக்குப் போக வேண்டுமாம்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். வழிபாட்டு நேரத்தைச் சபையின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். வழிபாடு முடிந்து திரி வைக்கும் நேரத்தில் போனாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாதை வழுக்கும், நல்ல சப்பாத்து வேண்டும். தீப்பெட்டியை நம்ப வேண்டாம்.

போன கிழமை மாமி தொலைபேசியில் கூப்பிட்டா. இந்த நவம்பருக்கு மூன்று கிராவ்லீஸ் வேண்டுமாம். போன முறை ஒன்றை மூன்று பேருக்குமாக வைத்தது சரியில்லையாம்.